யார் ஜடாயு?

வங்காளத்தில் சிறுவர் கதை ஒன்று படமாகப் போகிறது என்று செய்தி வந்தால் கதை என்ன என்று யாரும் கேட்பதில்லை. கதை எல்லோருக்கும் தெரியும். குற்றவாளி யார் என்பது ஐந்தாம் வகுப்பிலேயே தெரியும். தெரியாதது முகம்தான். யார் ஃபெலூடா? யார் தோப்ஷே? எல்லாவற்றுக்கும் மேலாக, யார் ஜடாயு? இந்த விஷயத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும்.

அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஃபெலூடா கல்கத்தாவின் துப்பறிவாளர். சத்யஜித் ராய் 1965 முதல் 1992-ல் இறக்கும்வரை எழுதி முடித்த 35 கதைகளின் நாயகர். தோப்ஷே அவருடைய சித்தப்பா மகன், கதையைச் சொல்பவனும் அவனே. ஜடாயு என்பது லால்மோகன் கங்கூலி என்ற மர்மநாவல் எழுத்தாளரின் புனைபெயர். எழுதுவதெல்லாம் வீரதீரம், ஆள் பயந்த சுபாவம், தகவல்களில் எப்போதும் கோட்டை விடுபவர். மூவரில் ஊரின் செல்லம் இவர்தான். கதைப்படி ஃபெலூடாவின் வீடு ரஜனி சென் ரோட்டில். நான் பிறந்து வளர்ந்த லேக் மார்க்கெட்டிலிருந்து அங்கே நடந்தே போகலாம்.

லேக் மார்க்கெட் என்றால் அந்தக் காலத்தில் கல்கத்தாவின் மெட்ராஸ். கறிவேப்பிலை, முருங்கைக்காய், வாழையிலை, அப்போதே அரைத்துக் கொடுக்கும் காபிப் பொடி எல்லாம் கிடைக்கும். டல்ஹௌசி சதுக்கத்துக் கம்பெனிகளில் ஸ்டெனோவாகவும் கணக்கராகவும் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் ராஷ்பெஹாரி அவென்யூவைச் சுற்றிக் குடியேறியிருந்தன. அப்பாவும் அப்படி வந்தவர்தான். வீட்டுக்குள் தமிழ், வாசல்படி தாண்டினால் வங்காளி. கீழே எங்களுக்கு விகடனும் கல்கியும் வரும். மாடி வீட்டு வங்காளி மாமிக்கு, எங்கள் மாஷிமாவுக்கு, 'சந்தேஷ்' வரும். அதை எடுத்து வரும் சாக்கில் நானும் அண்ணாவும் நாளெல்லாம் மாடியிலேயே கிடப்போம்.

ஒரு முகத்துக்காக ஊரே காத்திருப்பதன் வேர் அந்த 'சந்தேஷ்' பத்திரிகையில்தான் இருக்கிறது. அதைத் தொடங்கியவர் சத்யஜித்தின் தாத்தா உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. ஆண்டு 1913. மைமன்சிங் ஜில்லாவிலிருந்து வந்தவர். பிள்ளைகளுக்குக் கதை எழுதுவார், தானே படம் வரைவார், பாட்டும் தெரியும். ஆனால் அவருடைய பெரிய பைத்தியம் அச்சுத்தொழில். புகைப்படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் ஹாஃப்டோன் முறையில் அவர் செய்த ஆராய்ச்சிகள் லண்டனின் பென்ரோஸ் ஆண்டு மலரிலேயே கட்டுரைகளாக வந்தன. தன் கதைகளுக்கான படங்களை அன்றைய அச்சகங்கள் பாழாக்குவதைப் பொறுக்காமல்தான் அந்த வேலையில் இறங்கினார். பிறகு கார்பார் ரோட்டில் வீடும் அச்சகமும் ஒரே கட்டடமாக எழுந்தன. எழுத்தும் படமும் அச்சும் ஒரே கூரையின் கீழ் நடந்ததால், வங்காளப் பிள்ளைகளுக்குக் கதையோடு முகமும் சேர்ந்தே வந்தது. படிக்கும்போதே பாத்திரத்தின் மூக்கு எப்படி, குடுமி எப்படி என்று பார்த்துப் பழகிய வாசகர்கள் அவர்கள். பின்னாளில் சினிமாக்காரர்களை அவர்கள் படுத்திய பாட்டுக்கு முதல் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

1915-ல் 'சந்தேஷி'ல் அவர் எழுதிய கதை 'கூபி காயேன் பாகா பாயேன்'. பாடத் தெரியாத பாடகன் கூபி, கொட்டத் தெரியாத மேளக்காரன் பாகா. ஊர் இருவரையும் விரட்டுகிறது. காட்டில் பேய்கள் இவர்கள் கச்சேரியில் சொக்கிப்போய் வரம் கொடுக்கின்றன. அந்த ஆண்டு டிசம்பரிலேயே உபேந்திரகிஷோர் காலமானார். பத்திரிகையை ஏற்ற மகன் சுகுமார் ராய், வங்காளம் இன்றுவரை மனப்பாடமாகச் சொல்லும் கோமாளிப் பாட்டுகளை எழுதிவிட்டு 1923-ல் 35 வயதில் போய்விட்டார். சத்யஜித்துக்கு அப்போது இரண்டு வயது. சில ஆண்டுகளில் அச்சகம் கடனில் மூழ்கியது, கார்பார் வீடும் கைவிட்டுப் போனது. பத்திரிகையும் நின்றது.

1961-ல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து சத்யஜித் அதை மறுபடி தொடங்கினார். உலகம் மெச்சும் இயக்குநர் மாதாமாதம் பிள்ளைகள் பத்திரிகைக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். அட்டை அவர், கதை அவர், புதிர்கூட அவர். அந்தச் சமயத்தில்தான் அவர் மகன் சந்தீப், அப்பா எடுப்பதெல்லாம் பெரியவர்களுக்கான சோகப் படம், எங்களுக்கு ஒன்று எடுக்கக் கூடாதா என்று கேட்டது. சரி, தாத்தா கதையை எடுக்கலாம் என்று தீர்மானமாயிற்று. கேட்டபோது சிறு பையன். படம் வெளியானபோது சந்தீபுக்குப் பதினைந்து வயது. முதல் ரசிகனே இத்தனை வருஷம் காத்திருந்தான் என்றால் பிறரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தாமதத்துக்குக் காரணம் பணம். பேய், மாயம், அரண்மனை, ஒட்டகப்படை. எந்தத் தயாரிப்பாளரும் கிட்டே வரவில்லை. கடைசியில் நேபாள் தத்தா, அசீம் தத்தா என்ற இருவரின் பூர்ணிமா பிக்சர்ஸ் முன்வந்தது. முழுப் படமும் வண்ணத்தில் என்ற ஆசையை மட்டும் விட வேண்டியதாயிற்று. கடைசிக் காட்சி மட்டும் வண்ணம், மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை.

அந்த நாட்களில் ராய் குடியிருந்தது லேக் டெம்பிள் ரோட்டில். எங்கள் பேட்டை! காய்கறிக்காரரிலிருந்து பார்பர் ஷாப்வரை எல்லோரும் படத்தைப் பற்றி ஏதாவது 'உள் தகவல்' வைத்திருந்தார்கள். ராஜஸ்தானில் எடுக்கிறார்களாம், நூற்றுக்கணக்கில் ஒட்டகமாம், பேய் ராஜாவுக்கு அவரே குரல் கொடுத்திருக்கிறாராம் என்று. இப்படி வந்த வதந்திகளில் எத்தனையோ நிஜமாகவே இருந்தன. பேய் ராஜாவின் அந்த மூக்கடைத்த குரல் ராயின் குரலேதான், வேகத்தை மாற்றிப் பதிவு செய்தது. மாடி வீட்டில் கவலையெல்லாம் வேறு. பாகாவாக ரபி கோஷ் என்றதும் மாஷிமா சந்தோஷப்பட்டாள். கூபியாக யாரோ தபேன் சட்டர்ஜி என்றதும் முகம் சுருங்கியது. அதற்கு முன்பு அவர் தலைகாட்டியது 'மகாநகர்' படத்தில் ஒரு சின்ன வேஷத்தில்தான்.

வெளியான தேதி 1969 மே 8. ஊர் அப்போது எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 22-ல் உருவான மார்க்சிஸ்ட்-லெனினிஸ்ட் கட்சியை மே தினத்தன்று மைதானத்தில் பகிரங்கமாக அறிவித்திருந்தார்கள். அதற்கு மறுவாரம் படம். சுவரெல்லாம் மாவோ. அந்தச் சுவர்களுக்கு நடுவே ராய் தன் கையால் வரைந்த கூபி-பாகா விளம்பரங்கள். டிக்கெட் கிடைப்பது சாதாரண விஷயமாக இருக்கவில்லை. மாதக்கணக்கில் ஓடிய படம். பார்த்தவர்களே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

அப்பாவுக்கு வங்காளிப் படம் ஆகாது. "அழுமூஞ்சிப் படம்" என்பார். எங்களைத் தனியாக அனுப்ப முடியாதே என்று கூட வந்தார். பேய் நடனம் ஆரம்பித்தது. ஆறேழு நிமிஷம் வசனமே கிடையாது, பாட்டும் கிடையாது. நான்கு ஜாதிப் பேய்கள் வந்து ஆடுகின்றன: ராஜாக்கள், குடியானவர்கள், வெள்ளைக்காரர்கள், தொந்தி பெருத்த கனவான்கள். பின்னணியில் வெறும் தாளம்தான். இருட்டில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தது. "அட, தனி ஆவர்த்தனம்னா இது!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அப்பா சொன்னது முழுக்கச் சரி. அது நம் தாளவாத்தியக் கச்சேரிதான். ராஜா பேய்களுக்கு மிருதங்கம், ஏனென்றால் அது சபையின் வாத்தியம். குடியானவப் பேய்களுக்குக் கஞ்சிரா. வெள்ளைக்காரப் பேய்களுக்கு விறைப்பான கடம். அவர்கள் நடை பொம்மை போல வெட்டி வெட்டி இருக்க வேண்டும் என்று அந்தக் காட்சிகளைக் குறைந்த வேகத்தில் எடுத்திருந்தார்கள். தொந்திப் பேய்களுக்கு மோர்சிங்! அந்த 'டொய்ங்'கில் கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. இதற்குக் கல்கத்தாவில் யாரும் தயாராக இருக்கவில்லை. தாத்தாவின் கதையில் பேய்கள் ஆடின என்பது சிறு விஷயம். பேரன் அதைக் கால்வாசி வங்காள சரித்திரமாக ஆக்கிவிட்டார்.

ராய் இந்தத் தாளத்தை எங்கே கேட்டார் என்பதற்கு லேக் மார்க்கெட்டில் ஆளுக்கொரு கதை உண்டு. எங்கள் சபாவுக்கு வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார் என்றெல்லாம். நான் எதையும் நம்பவில்லை. தன் 14-ஆம் வயதில், 1935-ல், கல்கத்தாவில் பாலசரஸ்வதி ஆடியதைப் பார்த்தவர் அவர். பின்னால் 1976-ல் பாலசரஸ்வதியைப் பற்றி 'பாலா' என்ற ஆவணப்படமும் எடுத்தார். தெற்கத்திச் சங்கீதம் கேட்க அவருக்கு எங்கள் மாமாக்களின் தயவு வேண்டியிருக்கவில்லை.

இங்கே எனக்கு ஒரு வாதம் உண்டு. கதைக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று இன்று கூச்சலிடுகிறார்களே, அவர்களுடைய பொற்காலமான 1969 படம் அப்படி இருக்கவே இல்லை. பேய்களை நான்கு ஜாதியாக்கி ஆடவைத்தது, ஹல்லா, சுண்டி என்ற இரு நாடுகளின் போரைப் பாட்டாலும் வானத்திலிருந்து இறங்கும் மிட்டாய்ப் பானைகளாலும் நிறுத்தும் காட்சியை விரித்த விதம் எல்லாம் ராயின் கைச்சரக்கு. பசித்த சிப்பாய்கள் ஆயுதத்தைப் போட்டுவிட்டுப் பானைகளை நோக்கி ஓடுகிற காட்சி வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் எடுக்கப்பட்டது. உபேந்திரகிஷோரின் புத்தகத்தோடு கொட்டகைக்கு வந்து பக்கம் பக்கமாக ஒப்பிட்டிருந்தால் பேரன் தேறியிருக்க மாட்டார். மாடி வீட்டு மாஷிமா வீடு திரும்பும்போது சொன்ன குறை ஒன்றே ஒன்று: வண்ணம் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

அன்றைய காத்திருப்பு அப்படி. ராய் என்ன செய்யப் போகிறார் என்று தெரியாமல் காத்திருந்தோம்.

கூபி-பாகா படப்பிடிப்பிலிருந்து அடுத்த கதை பிறந்தது. ஜெய்சல்மேர் கோட்டையை ராய் அங்கேதான் நெருங்கிப் பார்த்தார். மஞ்சள் மணற்கல், மாலை வெயில் பட்டால் தங்கம். 1971-ல் 'தேஷ்' பத்திரிகையின் பூஜா மலரில் 'சோனார் கெல்லா', பொற்கோட்டை, நாவலாக வந்தது. நம் தீபாவளி மலர் போலத்தான் அங்கே பூஜா மலர், ஆனால் எடை அதிகம். அதில் ஆண்டுக்கொரு ஃபெலூடா என்பது 1970-லிருந்து ஏறக்குறைய சட்டமாகிவிட்டிருந்தது. வீட்டுக்கு ஒரு பிரதி, படிக்க ஐந்து பேர். அண்ணா முதலில் படித்துவிட்டு முடிவைச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியே என்னிடம் ஒரு வருஷம் வேலை வாங்கினான். பூர்வஜென்ம நினைவு வந்த முகுல் என்ற சிறுவன், அவன் வரையும் கோட்டை, புதையல் இருக்கும் என்று அவனைக் கடத்தும் இருவர். ஜடாயு முதன்முதலாக ரயிலில் ஏறி வருவதும் இந்தக் கதையில்தான்.

ராயே படமாக எடுக்கிறார், தயாரிப்பு மேற்கு வங்க அரசு என்று செய்தி வந்தபோது அண்ணா கல்லூரியில் சேர்ந்திருந்தான். ஃபெலூடாவுக்குப் புத்தகத்தில் 27 வயது. நடிக்கப் போகும் சௌமித்ர சட்டர்ஜிக்கு நாற்பது ஆகப் போகிறது. 'அபுர் சன்சார்' படத்தில் அப்புவாக வந்தவரைப் போய்த் துப்பறிவாளர் என்று எப்படி நம்புவது என்று அண்ணா காபிக் கடையில் பிரசங்கமே செய்தான். அந்தக் கடையில் யாரும் அவனோடு ஒத்துப்போகவில்லை. ஜடாயுவாக வரப்போகும் சந்தோஷ் தத்தாவைப் பற்றி யாருக்கும் அபிப்பிராயமே இல்லை. கூபி-பாகாவில் சுண்டி ராஜாவாகவும் ஹல்லா ராஜாவாகவும் இரட்டை வேஷம் போட்டவர், தொழிலில் வக்கீல் என்பது மட்டும் தெரியும்.

1974 டிசம்பர் 27-ல் படம் வந்தது. நக்சல் காலத்துத் துப்பாக்கிச் சத்தம் அடங்கியிருந்த ஊர், பயமில்லாமல் இரவுக் காட்சிக்குப் போக முடிந்த குளிர்காலம். நாவலில் கடைசிவரை மறைத்துவைத்த வில்லன்களைப் படத்தில் ராய் ஆரம்பத்திலேயே காட்டிவிட்டார். எல்லோரும் படித்த கதைக்குள் ரகசியம் ஏது? டாக்டர் வேஷத்தில் இருப்பவன் போலி என்பது நமக்குத் தெரியும், முகுலுக்குத் தெரியாது. அவன் அந்த ஆளின் கையைப் பிடித்து நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் கொட்டகையில் பிள்ளைகள் கத்தினார்கள். வாசகர்களுடைய எதிர்பார்ப்பை மதிப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை வைத்தே அவர்களைத் தவிக்கவிட்டார்.

ஜடாயுவோ படத்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒட்டகத்தைப் பற்றி அவர் கேட்கும் கேள்விகளும், பிறகு அதன்மேல் ஏறும் பரிதாபமும். இதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். அடுத்தடுத்த ஃபெலூடா கதைகளுக்கு ராய் வரைந்த படங்களில் ஜடாயுவுக்கு சந்தோஷ் தத்தாவின் முகம் வந்துவிட்டது. அதுவரை புத்தகத்து முகத்தை நடிகரிடம் தேடினோம். இப்போது நடிகரின் முகம் புத்தகத்துக்குள் குடியேறிவிட்டது. இனி வரப்போகிற எந்த நடிகரும் அந்த முகத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

1979 ஜனவரியில் 'ஜொய் பாபா ஃபெலுநாத்', காசியில் நடக்கும் கதை. உத்பல் தத்தின் மகன்லால் மேக்ராஜும், ஜடாயுவை நிற்கவைத்துக் கத்தி எறியும் காட்சியும் போதும். 1985-ல் தூர்தர்ஷனுக்காக சந்தீப் எடுத்த இந்தித் தொடரில் ஃபெலூடாவாக சஷி கபூர். நல்ல நடிகர்தான், ஆனால் உடம்பு பருத்திருந்தார். எங்கள் பக்கத்து வீட்டில் முதல் பகுதி முடிந்ததும் டெலிவிஷனுக்கு உறை போட்டு மூடினார்கள். 1988 மார்ச்சில் சந்தோஷ் தத்தா இறந்தார். அவர் இல்லாமல் இனி ஃபெலூடா படம் எடுக்கப்போவதில்லை என்றார் ராய். சொன்னபடியே எடுக்கவும் இல்லை.

அதன்பின் பொறுப்பு சந்தீபுடையது. அப்பாவிடம் பிள்ளைகள் படம் கேட்ட அதே சந்தீப். 1996 முதல் தொலைக்காட்சியில், 2003-ல் 'பொம்பாயேர் பொம்பேடே' மூலம் திரையரங்கில். சவ்யசாசி சக்ரவர்த்தியின் உயரத்தையும் கண்ணையும் பார்த்து ஊர் சமாதானமாயிற்று. ஜடாயு நாற்காலிதான் ராசியில்லாமல் போனது. தொலைக்காட்சியில் ஜடாயுவாக வந்த ரபி கோஷ், எங்கள் பாகா, 1997-ல் இறந்தார். திரையில் பிபு பட்டாச்சார்யாவை ஊர் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டது. 2011 செப்டம்பரில், 'ராயல் பெங்கால் ரகஸ்ய' வெளியாவதற்குச் சில மாதங்கள் முன்பு, அவரும் போய்விட்டார். சந்தீப் என்ன செய்தார் தெரியுமா? ஜடாயு வராத கதைகளைத் தேடிப் பிடித்தார். 2014-ல் 'பாத்ஷாஹி ஆங்டி', 2016-ல் 'டபுள் ஃபெலூடா'. ஒரு துணைப் பாத்திரத்துக்கு ஆள் கிடைக்காததால் எந்தக் கதை படமாகலாம் என்பதே மாறிப்போனது வேறெங்கும் நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

சந்தீபின் படங்களைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. மூத்தவர் தன் தாத்தா கதையைக் கலைத்து அடுக்கினார், தன் நாவலையே தலைகீழாக்கினார், கைதட்டினோம். மகன் ஃபெலூடா கையில் ஒரு மொபைல் போனைக் கொடுத்ததற்கே எத்தனை முணுமுணுப்பு! அப்பாவின் வாசகர்கள் அவரைச் சுற்றி வேலி போட்டு நிற்கிறார்கள். அவரும் வேலிக்குள்ளேயே கவனமாக நடக்கிறார். 2022 டிசம்பரில் 'ஹத்யாபுரி'. புது ஃபெலூடாவாக இந்திரநீல் சென்குப்தா, புது ஜடாயுவாக அபிஜித் குஹா. அறிவிப்பு வந்த நாளிலிருந்து நடந்த பஞ்சாயத்தில் கதையைப் பற்றி ஒருவர் பேசிக் கேட்கவில்லை.

2024 மே மாதம் 'நயன் ரகஸ்ய' வரப்போகிறது என்றபோது மட்டும் எனக்குச் சொந்த ஆவல் ஒன்று இருந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் மெட்ராஸ்வாசி. 1990-ல் ராய் எழுதிய அந்தக் கதையில், எண்களைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் சிறுவன் நயனும் அவனை மேடையேற்றும் மந்திரவாதியும் வருவது இந்த ஊருக்குத்தான். மூவரும் மகாபலிபுரமும் போவார்கள். வங்காளி எழுத்தில் நம் கடற்கரையைப் படித்த நாளிலிருந்து அது திரையில் எப்படி வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணா கல்கத்தாவில் முதல் வாரமே பார்த்துவிட்டு இரவு போன் செய்தான். அரை மணி நேரம் ஜடாயுதான் பேச்சு: முழி சரியில்லை, நடை பரவாயில்லை, சந்தோஷ் தத்தா என்றால் அந்த இடத்தில் ஒரு இருமல் இருமியிருப்பார். எல்லாம் கேட்டுவிட்டு, "மெட்ராஸ் எப்படி வந்திருக்கு?" என்றேன்.

"கவனிக்கலையே" என்றான்.